எங்கள் ஊர் இசை வானொலி டிஜிட்டலுக்குப் போகிறது: ஒலித்தரம் கூடுமா, கட்டும் பணத்துக்குத் தகுமா?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு நகரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் ஊரில் தன்னார்வலர்களே சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய இசை வானொலி இருக்கிறது. எஃப்எம்மிலும் இணையத்திலும் வருகிறது. ரெகே, சோல், பழைய ராக் எல்லாம் போடுகிறார்கள். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் தமிழ்ப் பாட்டு. அந்த நிகழ்ச்சியை நடத்துபவர்தான் கேள்வி கேட்டவர். இப்போது நிர்வாகக் குழு டிஏபி டிஜிட்டல் ஒலிபரப்பில் இடம் வாங்கலாம் என்று கிளம்பியிருக்கிறது. குழுவில் ஒருவர் "சிடி மாதிரி கேட்கும்" என்கிறாராம், இன்னொருவர் "யாரும் கேட்கப் போவதில்லை, காசுக்குக் கேடு" என்கிறாராம். யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒலித்தரம் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை இதில் போட்டால், இத்தனை வருடம் பார்த்துப் பார்த்துத் தொகுத்த பாட்டுகள் கெடாமல் புதிய காதுகளுக்குப் போய்ச் சேருமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் இருபது வருடத்துக்கும் மேலாக டிரான்ஸ்மிட்டர் பொருத்துவதும், ஊர் ஊராகச் சுற்றி அலை எங்கே எட்டுகிறது என்று அளப்பதும்தான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: குழுவில் இருவர் சொல்வதும் தவறு. டிஜிட்டல் என்பதால் மட்டும் ஒலித்தரம் உயர்ந்துவிடாது, கவனிக்காமல் விட்டால் எஃப்எம்மைவிட மோசமாகவும் ஆகும். ஆனால் அந்தப் பணத்துக்கு வேறொன்று கிடைக்கிறது. புதிய காரிலும் சமையலறை ரேடியோவிலும் திரையில் வரும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். இன்றைக்கு அது பெரிய விஷயம்.

முதலில் டிஏபி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் பிட்ரேட் பற்றி, அதாவது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் தரவு ஒதுக்குகிறோம் என்பதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எஃப்எம் என்பது தனி வீடு. ஒவ்வொரு நிலையத்துக்கும் சொந்த அலைவரிசை, சொந்த டிரான்ஸ்மிட்டர். டிஏபியோ ஒண்டுக்குடித்தனம். ஒரே வளாகம், அதற்குள் பல குடும்பங்கள், எல்லோருக்கும் ஒரே வாசல். அந்த வளாகத்துக்குத்தான் மல்ட்டிபிளெக்ஸ் என்று பெயர். ஏறத்தாழ ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்ட ஒரு அலைத்தொகுதியில் 1,536 சிறு அலைகள் பக்கம் பக்கமாக ஓடும். எல்லா நிலையங்களின் ஒலியும் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு அவற்றின் மீது பரவிக் கிடக்கும். உள்ளே இருக்கும் மொத்த இடம் 864 அலகு. பழைய டிஏபி முறையில் 128 கிலோபிட் ஸ்டீரியோ நிலையம் ஒன்றுக்கு, வழக்கமான பிழைதிருத்தப் பாதுகாப்போடு, 96 அலகு வேண்டும். அப்படியானால் ஒன்பது குடும்பம். புதிய டிஏபி பிளஸ் முறையில் 32 கிலோபிட் நிலையத்துக்கு 24 அலகு போதும், அதே வளாகத்தில் 36 குடும்பம் குடியேறலாம். வாடகை அலகுக்குத்தான். உங்களிடம் மல்ட்டிபிளெக்ஸ்காரர் "எவ்வளவு வேண்டும்?" என்று கேட்பது இந்த இடத்தைப் பற்றித்தான். பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் நிலையம் முதலில் கை வைப்பதும் இதில்தான்.

"சிடி மாதிரி" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பிபிசி 1995 செப்டம்பரில் டிஏபி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1999 நவம்பரில் டிஜிட்டல் ஒன் என்ற நாடு தழுவிய வணிக மல்ட்டிபிளெக்ஸ் வந்தது. அப்போது வளாகத்தில் குடித்தனக்காரர்கள் குறைவு, ஆளுக்கு அறை தாராளம். விளம்பரத்தில் சிடி தரம் என்று சொன்னார்கள், கேட்டவர்களும் நம்பினார்கள். அப்புறம் நிலையங்கள் பெருகப் பெருக ஒவ்வொருவரின் அறையும் சுருங்கியது. அன்றைய சுருக்கு முறை எம்பி2 என்ற பழைய வகை. அதற்கு நல்ல ஸ்டீரியோ இசை கொடுக்க 192 கிலோபிட்டாவது வேண்டும். பிபிசி ரேடியோ 3 அந்த அளவில்தான் வந்தது. மற்ற இசை நிலையங்கள் பல 128-க்கு இறங்கின. சில நிலையங்கள் 80 கிலோபிட் மோனோவுக்கே போய்விட்டன. பாறையே பிளக்கிற மாதிரி கிதார் வாசிக்கும் இசையை மோனோவில், அதுவும் மேல் சுரங்கள் நசுங்கிய நிலையில், ஒரு தலைமுறை கேட்டது. டிஜிட்டல் ரேடியோ என்றாலே முகம் சுளிக்கும் ஒலி ரசிகர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். அவர்கள் கோபம் நியாயமானது.

2007-இல் டிஏபி பிளஸ் என்ற திருத்திய முறை வந்தது. அலை அதே அலைதான், உள்ளே ஒலியைச் சுருக்கும் முறை மட்டும் மாறியது. எம்பி2-க்குப் பதிலாக ஏஏசி குடும்பம். பாதி இடத்தில் அதே தரம் என்று தோராயமாகச் சொல்லலாம். ஆனால் பிரிட்டனில் பழைய பெட்டிகள் ஏற்கெனவே லட்சக்கணக்கில் வீடுகளில் இருந்தன, அவற்றில் பிளஸ் கேட்காது. அதனால் இங்கே மாற்றம் மெதுவாகவே நடந்தது. 2016-இல் சவுண்ட் டிஜிட்டல் என்ற இரண்டாவது தேசிய வணிக மல்ட்டிபிளெக்ஸ் தொடங்கியபோதுதான் நாடு தழுவிய அளவில் டிஏபி பிளஸ் வந்தது. முதலில் அதில் போன மூன்று நிலையங்களில் ஒன்று ஜாஸ் எஃப்எம். அந்த நிலையத்தின் கதையை உங்கள் குழுவுக்குச் சொல்லுங்கள். 1990-இல் லண்டனில் 102.2-இல் தொடங்கிய நிலையம் அது. 2005-இல் அதே அலைவரிசை ஸ்மூத் எஃப்எம் ஆகிவிட்டது, ஜாஸ் என்ற பெயரே போனது. 2008-இல் அந்தப் பெயர் திரும்ப வந்தபோது அதற்கு எஃப்எம் வீடு கிடையாது. டிஜிட்டலில்தான் பிழைத்தது, இன்றும் அப்படித்தான் பிழைக்கிறது. சிறுபான்மை இசைக்கு எஃப்எம்மில் இடம் கிடைக்காத காலத்தில் டிஜிட்டல் ஒரு திண்ணையாவது கொடுத்தது.

சரி, ஒலிக்கு வருவோம். உங்களைப் போன்ற சிறிய நிலையங்கள் போகும் உள்ளூர் மல்ட்டிபிளெக்ஸ்களில் ஏறத்தாழ எல்லாமே டிஏபி பிளஸ்தான். அங்கே மலிவாகக் கிடைப்பது 32 கிலோபிட். கேட்கும்போது "ஸ்டீரியோவா?" என்றால் "ஆமாம்" என்பார்கள். அது முழு உண்மை இல்லை. 32-இல் அனுப்பப்படுவது அடிப்படையில் ஒரு மோனோ ஒலி; இடது வலது எப்படிப் பிரிய வேண்டும் என்ற குறிப்பு மட்டும் கூடப் போகும், பெட்டி அதை வைத்து ஸ்டீரியோ போலக் கட்டிக் கொடுக்கும். மேல் சுரங்களும் அப்படித்தான். ஒலியின் அதிர்வெண் எல்லையில் மேல்பாதியை நேரடியாக அனுப்புவதில்லை, கீழே உள்ளதை வைத்து மேலே இப்படி இருக்கலாம் என்று பெட்டியே வரைந்துகொள்ளும். பேச்சுக்கு இது தாராளம். கிதாரும் டிரம்ஸும் கலந்த பாட்டுக்கும் சமையலறைப் பெட்டியில் பலருக்கு வித்தியாசம் தெரியாது.

நம் இசைக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஸ்டூடியோவில் இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு கச்சேரிப் பதிவில் பாட்டு தொடங்கும் முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் அரை நிமிடத்தை எடுத்துக்கொண்டேன். 32-இல் போட்டவுடன் அந்தச் சுருதி நிலையாக நிற்கவில்லை. உள்ளுக்குள் ஏதோ மெல்லச் சுழல்வது போல, கானலில் பார்க்கும் சாலை போல நெளிந்தது. பஜனைப் பதிவில் ஜால்ரா சத்தம் தாளில் மணல் கொட்டுவது போல ஆனது. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் "நம்" என்ற சொல்லின் நுனி மழுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆங்கிலேய நண்பருக்கு முதலில் புரியவில்லை; தம்புராவை எஃப்எம்மில் ஒருமுறை, இதில் ஒருமுறை மாற்றி மாற்றிப் போட்டதும் "ஓ" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். 64 கிலோபிட்டுக்கு மாற்றியபோது அந்த நெளிவு ஏறத்தாழ மறைந்தது, ஸ்டீரியோவும் உண்மையான ஸ்டீரியோ ஆனது. இது நான் என் காதால் கேட்டது, ஆய்வகத்தில் நூறு பேரை வைத்து நடத்திய சோதனை அல்ல. பதிவுக்குப் பதிவு மாறவும் செய்யும். ஆனாலும் இசை நிலையம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களுக்கு 48-க்குக் கீழே இறங்காதீர்கள், முடிந்தால் 64 கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

பிட்ரேட் ஒன்றே போதும் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பார்த்ததில் பாதி நிலையங்களில் ஒலி கெடுவது டிரான்ஸ்மிட்டருக்கு வருவதற்கு முன்பே. எங்கிருந்தோ இறக்கிய எம்பி3, அதையே யாரோ இன்னொரு முறை எம்பி3 ஆக்கியது, ஸ்டூடியோவிலிருந்து மல்ட்டிபிளெக்ஸுக்கு அனுப்பும்போது இணைய ஒலியோடையில் மூன்றாவது சுருக்கம், கடைசியில் டிஏபி பிளஸில் நான்காவது சுருக்கம். பழைய துணியைத் திரும்பத் திரும்ப அடித்துத் துவைப்பது மாதிரி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நூல் போகும். பாட்டுகளைச் சுருக்காத கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டிலிருந்து எடுக்க முடிந்தவற்றை மறுபடி எடுங்கள். மல்ட்டிபிளெக்ஸ்காரருக்கு அனுப்பும் வழியில் நல்ல தரத்தைக் கொடுங்கள், அல்லது அவர் சொல்லும் முறையில் உங்கள் ஸ்டூடியோவிலேயே நேரடியாக ஏஏசி-யாகச் சுருக்கி அனுப்புங்கள், இரண்டு முறை சுருக்குவது மிச்சமாகும். அதோடு இன்னொன்று: எஃப்எம்முக்கு ஒலியை இறுக்கி உரக்கச் செய்யும் ஒரு பெட்டி உங்களிடம் இருக்கும். அதன் வெளியீட்டையே அப்படியே டிஜிட்டலுக்கும் இழுத்துவிடாதீர்கள். எஃப்எம்மின் இரைச்சலையும் அதன் 15 கிலோஹெர்ட்ஸ் எல்லையையும் மனத்தில் வைத்து அமைத்தது அது. டிஜிட்டலில் அந்த இரைச்சல் கிடையாது, அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. இறுக்கிய ஒலியைச் சுருக்கும் முறை திணறும், சத்தம் கரகரக்கும். தனியாக, லேசான அமைப்பு ஒன்று வையுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை, ஒரு மாலை நேரம் உட்கார்ந்து கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

உங்களைப் போன்ற சின்ன நிலையம் இந்த வாசலுக்குள் நுழைய முடிந்ததே பெரிய மாற்றம், அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முன்பு உள்ளூர் மல்ட்டிபிளெக்ஸ் என்றாலும் ஒரு மாவட்ட அளவுக்குப் பெரியது, வாடகை தன்னார்வ நிலையத்துக்கு எட்டாது. 2012-இல் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமில் பொறியாளராக இருந்த ரஷீத் முஸ்தபா பிரைட்டன் நகரத்தில் ஒரு சோதனை நடத்தினார். சாதாரணக் கணினி, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள், மென்பொருளால் இயங்கும் ஒரு சிறிய அலைப்பெட்டி. இவற்றைக் கொண்டே டிஏபி ஒலிபரப்பலாம் என்று காட்டினார். அலமாரி அலமாரியாக அடுக்கிய கருவிகள் செய்த வேலையை மேசை மேல் வைத்தார். 2015-இல் பிரிஸ்டல், கேம்பிரிட்ஜ், கிளாஸ்கோ, நாரிச் உட்பட பத்து இடங்களில் சோதனை மல்ட்டிபிளெக்ஸ்கள் தொடங்கின. 2019-இல் இப்படிப்பட்ட சிறு மல்ட்டிபிளெக்ஸ்களுக்கு உரிமம் கொடுக்க வழிசெய்யும் அரசு ஆணை வந்தது, அடுத்த ஆண்டிலிருந்து ஆஃப்காம் பகுதி பகுதியாக விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது. இந்தத் துறையில் என் காலத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

அந்த ஆணையில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சிறு மல்ட்டிபிளெக்ஸிலும் குறைந்தது மூன்று இடங்கள் சமூக நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். அந்த இடத்தில் உட்கார, சமூக டிஜிட்டல் நிலையத்துக்கான தனி உரிமம் வேண்டும்; வணிக நிலையத்துக்கான உரிமம் வேறு. உங்கள் குழு எதற்கு விண்ணப்பிக்கிறது என்று முதலில் கேளுங்கள். லாப நோக்கமில்லாமல் ஊர் மக்களுக்காக நடக்கும் நிலையம் சமூக உரிமத்துக்குத்தான் போக வேண்டும், அவசரத்தில் மற்றதை எடுத்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டு உரிமைக்காகப் பிபிஎல், பிஆர்எஸ் என்ற இரண்டு உரிம அமைப்புகளுக்கும் கட்டும் தொகையில் டிஜிட்டல் ஒலிபரப்பு எப்படிச் சேரும் என்பதை அவர்களிடமே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் பொறியாளன், கணக்கு வழக்கில் என் வார்த்தையை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டாம்.

அலை எட்டுமா என்பது அடுத்தது. இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம், ஊரைப் பார்க்காமல் சொல்ல முடியாதது நிறைய. நிச்சயமானது: சிறு மல்ட்டிபிளெக்ஸின் சக்தி நூறு, இருநூறு வாட் என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். அது சுற்றியுள்ள பெரிய உள்ளூர் மல்ட்டிபிளெக்ஸின் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆகவே ஊர், ஊரை ஒட்டிய கிராமங்கள், அவ்வளவுதான். ஒரு டிரான்ஸ்மிட்டர் போதாவிட்டால் அதே அலைவரிசையில் இன்னொன்று வைக்கலாம். எஃப்எம்மில் இரண்டு டிரான்ஸ்மிட்டர் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒன்றையொன்று குதறிவிடும். டிஏபியில் இரண்டும் நொடி பிசகாமல் ஒத்துப்போனால் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். அனுப்பும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் இடையே 246 மைக்ரோநொடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அலை சுமார் 74 கிலோமீட்டர் போய்விடும்; அதற்குள் வந்து சேரும் எதிரொலியையும் பக்கத்து டிரான்ஸ்மிட்டரின் அலையையும் பெட்டி உதவியாகவே எடுத்துக்கொள்ளும். நேரத்தை ஒத்துவைக்க ஜிபிஎஸ் கடிகாரம் பயன்படுகிறது.

நிச்சயமில்லாதது வீட்டுக்குள் என்ன ஆகும் என்பது. ஒரு ஊரில் எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆன்டெனா பொருத்தினோம். கீழே வந்து காரில் சோதனைப் பெட்டியை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். கடைத்தெரு முழுக்கத் தெளிவு. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் சரிவில் இறங்கியதும், பாட்டின் நடுவே கத்தரித்தது போல நின்றது. இரைச்சல் இல்லை, தேய்வு இல்லை, வெறும் மௌனம். இருபதடி நகர்ந்ததும் அடுத்த வரியிலிருந்து மறுபடி தொடங்கியது. எஃப்எம்மில் கேட்பவர் கொஞ்சம் கரகரப்போடாவது பாட்டை முடித்திருப்பார். பழைய டிஏபியில்கூட எல்லையில் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு பேசுவது போல ஏதோ கேட்கும். பிளஸில் உண்டு அல்லது இல்லை, இடைப்பட்டது கிடையாது. அந்தச் சரிவில் ஒரு முதியோர் குடியிருப்பு இருந்தது. வரைபடத்தில் அந்த இடம் பச்சை நிறத்தில், "நன்றாகக் கேட்கும்" என்று இருந்தது. அதனால் மல்ட்டிபிளெக்ஸ்காரர் காட்டும் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். ஏற்கெனவே ஒலிபரப்பு நடக்கிறதென்றால் ஒரு சாதாரணப் பெட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் நேயர்கள் வசிக்கும் தெருக்களில் நீங்களே நடந்து பாருங்கள், வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். வேறு மல்ட்டிபிளெக்ஸின் பெரிய கோபுரம் அருகில் இருந்தால் அங்கே கட்டாயம் சோதியுங்கள், பக்கத்து அலைவரிசையின் பலம் உங்கள் சிறு அலையை அமுக்கிவிடும்.

இனி "யாரும் கேட்கப் போவதில்லை" என்று சொன்னவருக்கு. 2018-இன் முதல் காலாண்டில் பிரிட்டனில் வானொலி கேட்கும் நேரத்தில் டிஜிட்டல் வழிகளின் பங்கு 50.9 சதவீதமாகி, முதல்முறை பாதியைத் தாண்டியது. அதில் இணையம், தொலைக்காட்சி வழியும் சேரும், டிஏபி அதில் பெரிய பங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பரிலிருந்து புதிய காரில் உள்ள ரேடியோ டிஜிட்டல் ஒலிபரப்பைப் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். இங்கேயும் இன்று புதிய கார் வாங்கினால் திரையில் முதலில் தெரிவது டிஏபி பட்டியல்தான். அலைவரிசை எண்ணை நினைவில் வைத்துத் திருகும் வழக்கம் போய்விட்டது. வர்ஜின் 1215 என்று 1993-இல் மீடியம் வேவில் தொடங்கிய ராக் நிலையம் 2008-இல் ஆப்சொல்யூட் ரேடியோ ஆனது. 2023 ஜனவரியில் அந்த மீடியம் வேவையும் மூடிவிட்டு முழுக்க டிஜிட்டலில் நிற்கிறது. பெயரிலேயே அலைவரிசை எண்ணைச் சுமந்துகொண்டு பிறந்த நிலையம் அது.

இந்தப் பெரிய எண்களை வைத்து உங்கள் நிலையத்துக்கு இத்தனை நேயர் கூடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறு நிலையங்களில் கூடியதையும் பார்த்திருக்கிறேன், அசையாமல் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகப் படுகிறது: தொழில்நுட்பத்துக்காக யாரும் வருவதில்லை, வேறெங்கும் கிடைக்காத பாட்டுக்காக வருகிறார்கள். பிபிசி 6 மியூசிக் 2002 மார்ச்சில் டிஜிட்டலுக்கென்றே தொடங்கப்பட்டது, எஃப்எம் கிடையாது. 2010 மார்ச்சில் அதை மூடலாம் என்று பிபிசி நிர்வாகம் அறிவித்தது. நேயர்களும் இசைக்கலைஞர்களும் கொதித்து எழுந்தார்கள், அதுவரை கேட்காதவர்களும் என்னதான் இருக்கிறது என்று வந்து கேட்டார்கள். அந்த ஜூலையிலேயே, அப்போது பிபிசியை மேற்பார்வை செய்த பிபிசி அறக்கட்டளை மூடும் திட்டத்தை ஏற்க மறுத்தது. பிறகு நேயர் எண்ணிக்கையில் ரேடியோ 3-ஐயே அது தாண்டியது. பெட்டி வாங்க வைத்தது பாட்டு. உங்கள் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரத்தை ஓரத்தில் இருக்கும் நிகழ்ச்சி என்று குழு நினைத்தால், டிஜிட்டலில் அதுதான் உங்கள் பலம் என்று சொல்லுங்கள். பழைய ஹிட் பாட்டுகளைப் போடும் நிலையம் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே டஜன் கணக்கில் இருக்கும்.

எஃப்எம்மை விட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செலவு பற்றிப் பேசும்போது குழுவில் யாராவது கேட்பார்கள். விடாதீர்கள். நார்வே 2017-இல் தேசிய நிலையங்களின் எஃப்எம்மை ஜனவரி தொடங்கி டிசம்பருக்குள் பகுதி பகுதியாக நிறுத்தியது. அங்கேயும் பெரும்பாலான இடங்களில் உள்ளூர்ச் சிறு நிலையங்களை எஃப்எம்மில் தொடர விட்டார்கள். பிரிட்டன் அரசு 2021-இல் செய்த ஆய்வின் முடிவில் எஃப்எம் குறைந்தது 2030 வரை இருக்கும் என்று சொல்லப்பட்டது. கையில் உள்ள அலைவரிசையை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். பழைய காரும் பழைய பெட்டியும் வைத்திருப்பவர்கள்தான் பல வருடமாக உங்களோடு இருக்கும் நேயர்கள்.

தொடங்கும் நாளில் சிறு நிலையங்கள் தவறவிடும் சில விஷயங்கள் உண்டு. டிஏபி பெட்டியில் புதிய நிலையம் தானாக எட்டிப்பார்க்காது, மறுபடி தேடும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு நிலையம் தொடங்கிய வாரத்தில் ஒரு முதியவர் தினமும் போன் செய்து "வரவில்லையே" என்றார். நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டி ஜன்னலோரம், ஆன்டெனா மடங்கியபடி, தேடல் நடத்தி வருடக்கணக்காகிறது. ஆன்டெனாவைச் செங்குத்தாக நிமிர்த்தி ஒரு அடி நீளத்துக்கு இழுத்தேன், அந்த அலைக்கு அதுதான் பொருத்தமான நீளம். தேடலை அழுத்தினேன். பட்டியலில் பெயர் வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எஃப்எம்மில் "தேடல் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். மிகப் பழைய பெட்டியில் டிஏபி பிளஸ் வராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 2013-க்குப் பிறகு டிஜிட்டல் டிக் என்ற சான்றுக் குறியோடு விற்ற பெட்டியில் வரும்.

திரையில் தெரியும் நிலையப் பெயருக்கு 16 எழுத்துதான் இடம், பட்டியல் பெரும்பாலும் அகர வரிசையில் இருக்கும். "தி" என்ற ஆங்கிலச் சுட்டுச் சொல்லோடு பெயர் தொடங்கினால் நேயர் உங்களைத் தேடும் இடம் ஒன்று, நீங்கள் இருக்கும் இடம் வேறு. பாட்டின் பெயரை ஓடவிடும் வரிக்கு 128 எழுத்து வரை உண்டு. அதில் தமிழ் எழுத்தைப் போட ஆசைதான், எனக்கும்தான். ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது, கட்டம் கட்டமாகத் தெரியும். இப்போதைக்கு ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும். இன்னொன்று, டிஏபி சில நொடிகள் தாமதமாகவே வரும். பிபிசி ரேடியோ 4-இன் நேர ஒலிப்பே டிஏபியில் பிந்தித்தான் கேட்கும். ஸ்டூடியோவில் மணி பார்த்து "சரியாக ஆறு மணி" என்று சொல்லாதீர்கள். போனில் பேச வரும் நேயரிடம் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் தன் குரலையே பிந்திக் கேட்டுத் தடுமாறுவார்.

ஊருக்குப் போகும்போது உறவினருக்கு ஒரு டிஏபி பெட்டி வாங்கிப் போகலாமா என்று வேறு சிலரும் என்னிடம் கேட்பதுண்டு. வேண்டாம். ஆல் இந்தியா ரேடியோவின் டிஜிட்டல் ஒலிபரப்பு டிஆர்எம் என்ற வேறு முறையில், மீடியம் வேவில் நடக்கிறது. டிஏபி பெட்டி அங்கே எஃப்எம்முக்கு மட்டும்தான் பயன்படும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மல்ட்டிபிளெக்ஸ்காரரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை அலகு, அதில் எத்தனை கிலோபிட் ஒலிக்கு; நாளைக்குப் புதிய நிலையம் வந்தால் உங்கள் பங்கைக் குறைக்க அவருக்கு உரிமை உண்டா; டிரான்ஸ்மிட்டர் நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்; இடையில் விலக எவ்வளவு முன்னறிவிப்பு. வாடகை முழுவதையும் ஏற்க முடியாவிட்டால் 32-க்கு இறங்குவதற்குப் பதில், முதலில் ஆறு மாதம் 48-இல் ஆரம்பியுங்கள் என்பது என் யோசனை. அந்த ஆறு மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, உங்கள் நிகழ்ச்சியில் தம்புரா தெளிவாகக் கேட்கும் ஒரு பதிவை முழுதாகப் போடுங்கள். குழுவினர் ஆளுக்கொரு பெட்டியோடு அவரவர் வீட்டில் உட்கார்ந்து கேட்கட்டும். 64 வேண்டுமா என்று அடுத்த கூட்டத்தில் அவர்களே சொல்வார்கள்.